மந்திரியின் தொப்பை

பிள்ளைகளே, டி.வி.யில் அந்தக் கார்ட்டூன் குடும்பக் கதை ஓடும்போது அப்பா மட்டும் ஏன் பாதியில் எழுந்து வெளியே போகிறார் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியவில்லை, அதனால்தான் என்று மூத்தவன் சொன்னானாம். இங்கிலீஷ் எனக்குச் சரியாகப் புரியாதது உண்மைதான். ஆனால் அந்தக் கதைக்கு இங்கிலீஷ் தேவையில்லை. அந்த வில்லன் வாராவாரம் வருகிறான், எதையாவது திருடப் பார்க்கிறான், கடைசியில் அடி வாங்கிக்கொண்டு ஓடுகிறான். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்து நிற்கிறான். நீங்கள் தரையில் விழுந்து சிரிக்கிறீர்கள். அவன் அடி வாங்குகிற இடம் வரும்போதுதான் எனக்கு உட்கார முடிவதில்லை.

வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. ஆறாம் வகுப்புவரை தோட்டத்துப் பள்ளியில் படித்தவன் நான். எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கும் அப்படி ஒரு வில்லன் இருந்தார். டி.வி. இல்லாத காலம் அது. அலோர் காஜா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து நாடகம் போடுவோம். எங்கள் கம்பெனிக்கே இன்னும் இரண்டு தோட்டங்கள் இருந்தன. அங்கேயும் லாரியில் போய் ஆடுவோம். ராஜா கதை போட்டாலும் அவர் வருவார், சாமி கதை போட்டாலும் வருவார், குடிக்காதே என்று புத்தி சொல்லும் கதை போட்டாலும் வருவார். கதைக்கு வேண்டுமோ வேண்டாமோ, மந்திரி வராவிட்டால் ஜனங்கள் விட மாட்டார்கள். பெரிய தொப்பை, காது வரைக்கும் முறுக்கிய ஒட்டு மீசை. அரண்மனைக் களஞ்சியத்தில் திருடித் தின்பதுதான் மந்திரியின் ஒரே வேலை. கடைசியில் கதாநாயகன் கட்டைக் கத்தியால் அந்தத் தொப்பையில் மூன்று தடவை அடிப்பான். ஒவ்வோர் அடிக்கும் மத்தளக்காரர் தொம் தொம்மென்று தட்டுவார். மந்திரி எழுந்து, மண்ணைத் தட்டி, சனங்களைப் பார்த்து, "இந்த ஆட்டத்துல தோத்துட்டேன், அடுத்த ஆட்டத்துல பாத்துக்கிறேன்டா!" என்று சொல்லிவிட்டு ஓடுவார். அந்த வசனத்தைப் பிள்ளைகள் அவரோடு சேர்ந்தே கத்துவார்கள்.

மந்திரியாக ஆடியவர் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் தனியாக இருந்தவர், கல்யாணம் ஆகாதவர், முப்பத்தைந்து வயது இருக்கும். நான் பால் வெட்டும் ரப்பர் மரங்களுக்கு அடுத்த வரிசை அவருடையது. மரம் வெட்டும்போதும் ஏதாவது கோமாளித்தனம் செய்துகொண்டே இருப்பார். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். நான்தான் ராஜா. மூன்று அடி அடிப்பவன் நான்தான்.

அது வெள்ளைக்காரன் இந்த நாட்டை ஆண்டபோது போட்ட அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுக்காரர்கள் துப்பாக்கியோடு இருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று எங்கள் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். அரிசியைத் தலைக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். அந்த அரிசி வேலியைத் தாண்டக் கூடாது. பால் மரம் வெட்டப் போகும்போது ஒரு வாய்ச் சோறு கட்டிக்கொண்டு போக முடியாது. காலையில் கேட்டில் நிறுத்தி வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், பெண்களின் கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். அரிசியோடு பிடிபட்டால் யாருக்குக் கொண்டுபோனாய் என்றெல்லாம் கோர்ட்டில் வைத்துக் கேட்க மாட்டார்கள். நேரே கேம்ப்தான், அடைத்துவைத்துவிடுவார்கள். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் ஊரடங்கு. அதனால் நாடகமெல்லாம் பட்டப்பகலில், வெயிலில்தான்.

வெளித்தோட்டத்துக்குப் போகும் நாளில் மந்திரி அண்ணன் லயத்திலேயே வேஷம் போட்டுக்கொண்டு, தொப்பையைத் தள்ளிக்கொண்டு, பிள்ளைகளை மிரட்டிக்கொண்டே கேட்டுக்கு நடந்து வருவார். கேட்டில் ஒரு மலாய்க்காரப் பையன் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தான். பக்கத்துக் கம்பத்தில், அவர்கள் கிராமத்தில், பிறந்தவன், நல்ல பையன். எங்கள் எல்லாரையும் தடவிச் சோதிப்பான். அண்ணன் முறை வரும்போது துப்பாக்கிக் கட்டையால் தொப்பையை லேசாகத் தட்டி, "அப்பா டாலாம்?" என்பான், உள்ளே என்ன என்று. அண்ணன் விறைப்பாக சல்யூட் அடித்து, "பெராஸ், துவான்! சத்து குனி!" என்பார். அரிசி ஐயா, ஒரு மூட்டை! அந்தப் பையன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். நாங்களும் சிரிப்போம். லாரி கிளம்பிவிடும்.

இதை ஒளித்துவைத்துக் கடைசியில் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. உள்ளே இருந்தது அரிசிதான். ரேஷனில் தனக்கு வந்ததில் பாதியைச் சேர்த்துவைத்து, மாவு சாக்குத் துணியில் பை தைத்து, அதை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பையனிடம் உண்மையைத்தான் சொன்னார்.

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் கடைசி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவருடைய சித்தப்பா மகள், தங்கச்சி முறை. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவள். அவள் புருஷனைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு புதிதாக இங்கே வந்து ஒண்டியிருந்தாள். ரேஷன் கார்டு மாற்றித் தருவதில் இழுத்தடித்தார்கள், ஒருத்திக்குக் கொடுக்கிற அரிசியில் மூன்று வயிறு. கைதியின் வீட்டுக்கு வெளியிலிருந்து அரிசி வருகிறது என்று தெரிந்தால் அவளையும் கொண்டுபோய்விடுவார்கள். பிள்ளைகள் தெருவில்தான். அதனால் அண்ணன் அவளை உறவு என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்துக்குப் போனதும் மீசை ஒட்ட வேண்டும் என்று சொல்லிக் கடைசி வீட்டுப் பக்கம் போவார். அரிசியைக் கொட்டிவிட்டுப் பழந்துணியை அடைத்துக்கொண்டு வருவார். எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் கேலி செய்வோம்.

"மீச ஒட்ட அவ்ளோ தூரமாண்ணே? இங்க கண்ணாடி இல்லியா?"

"இந்தக் கண்ணாடியில மூஞ்சி மட்டும்தான்டா தெரியுது. அந்தக் கண்ணாடியில அழகு தெரியுதுலா."

ஏதோ பெண் விவகாரம் என்றுதான் நானும் நினைத்தேன். பாவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் அம்பாட் நாற்சந்தியில் ரோட்டை மறித்து எல்லா லாரியையும் நிறுத்திவிட்டார்கள். இறங்கி, வரிசையில் நின்று, ஐ.சி. அட்டை காட்டி, மறுபடி ஏறி, தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது ரொம்ப நேரமாகிவிட்டது. அங்கே ரப்பர் பால் ஸ்டோர் முன்னால் இருந்த சிமெண்டு மேடைதான் எங்கள் மேடை. முன்னால் நாற்காலி போட்டு அந்தத் தோட்டத்துத் துரையும், பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி வருவது எங்களுக்குத் தெரியாது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வெயிலில் வியர்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

"துரை வந்து உக்காந்தாச்சு, நீங்க இப்பத்தான் எறங்குறீங்களா? ஏறுங்கய்யா மேடையில!"

"அஞ்சே நிமிஷம் கிராணியாரே," என்றார் அண்ணன். "கடைசி வீடு வரைக்கும் போயிட்டு வந்திடுறேன். வயிறு சரியில்ல."

"வயிறு சரியில்லாததாலதானே நீ மந்திரி! ஏறு, ஏறு."

எல்லாரும் சிரித்தார்கள். கிராணி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எங்களோடு காவலுக்கு லாரியில் வந்த கேட்டுப் பையனும் சிரித்தான்.

கோணிச் சாக்குத் திரைக்குப் பின்னால் நான் கிரீடம் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் என் காதருகே வந்தார்.

"தம்பி, இன்னிக்கு வயித்துல வேணாம். முதுகுல போடு."

"ஏண்ணே?"

"வலிக்குதுடா."

"நெசமாவா?"

"மந்திரி என்னிக்குடா பொய் சொன்னான்?" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார்.

அவரால் அதைச் செய்யாமல் இருக்க முடியாது. உயிர் போகிற விஷயத்தையும் சிரிப்பாகத்தான் சொல்லுவார். அந்தக் கண் சிமிட்டலால்தான் நான் பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை.

நாடகம் நன்றாகவே நடந்தது. அண்ணன் அன்று வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார், உட்காரும்போது வயிற்றைத் தாங்கிக்கொண்டே உட்கார்ந்தார். அதற்கும் சிரித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. களஞ்சியத்தில் கையும் களவுமாகப் பிடிபட்ட மந்திரி மேடை நடுவில் நிற்கிறார். நான் கத்தியை உருவினேன். முதல் அடி முதுகில் போட்டேன். மத்தளக்காரர் திகைத்துப்போய் அரை நொடி தாமதமாகத் தட்டினார். இரண்டாவது அடியும் முதுகில். முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை.

"வயிறு! வயிறு! ராஜா, வயித்துல அடி!"

ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றே கத்தினாள். ஐந்து வயது இருக்கும், பாவாடை மட்டும்தான் கட்டியிருந்தாள். போலீஸ் அதிகாரிகூடத் தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, அங்கே, அங்கே என்று எனக்குச் சைகை செய்தார். துரை சிரித்தார். பிள்ளைகளே, எனக்கு அப்போது இருபது வயது. அத்தனை பேர் என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள். ஒரு வெள்ளைக்காரன் என்னிடம் கேட்கிறான். நான் அண்ணனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. முழுக் கையையும் வீசி அடித்தேன்.

பெட்டிப் பலகையில் செய்த கத்தி அது. பளபளப்புக்காக ஓரத்தில் பால்டின் தகரம் வெட்டி ஆணி அடித்திருந்தேன். தகரத்தின் முனை சட்டையையும் உள்ளே பையையும் சேர்த்துக் கிழித்துவிட்டது.

முதலில் சத்தம்தான் கேட்டது. சர்ரென்று. அப்புறம்தான் பார்த்தேன். வயிற்றிலிருந்து வெள்ளையாக என்னவோ கொட்டுகிறது. சிமெண்டில் விழுந்து தெறித்து என் காலைச் சுற்றி ஓடுகிறது. நான் மண் என்று நினைத்தேன். மாவு என்று நினைத்தேன். அரிசி என்று என் மூளைக்கு ஏறவே இல்லை. அவ்வளவு அரிசியை நான் கண்ணால் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

சனங்கள் சிரித்தார்கள் பாருங்கள், அந்த மாதிரிச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. நாடகத்துக்காகச் செய்த புது வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். அண்ணன் சட்டென்று அரிசி மேல் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "ஐயையோ, என் கொடலு சரியுதே! யாரும் பாக்காதீங்க, வெக்கமா இருக்கு!" என்று மந்திரிக் குரலில் அலறினார். துரை தொடையில் தட்டினார். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "ஓடு, இனி இங்கே தலைகாட்டாதே" என்பது என் வசனம். அதைச் சொன்னால் திரையை இழுத்துவிடுவார்கள். அரிசி திரைக்குப் பின்னால் போய்விடும். எனக்கு வசனம் தெரியும், இருபது தடவை சொன்ன வசனம். வாய் திறக்கவில்லை. அண்ணன் கீழே கிடந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. சொல்லுடா, சொல்லுடா என்று உதடு மட்டும் அசைந்தது. நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

முதலில் சிரிப்பை நிறுத்தியவர்கள் பெண்கள். ஒருத்தி நிறுத்தினாள், பக்கத்தில் இருப்பவள் நிறுத்தினாள், அப்படியே பின்வரிசை வரைக்கும். அரிசியை அளந்து உலையில் போடுகிறவர்கள் அவர்கள்தானே. நாடகத்துக்காக யாரும் இரண்டு படி அரிசியைத் தரையில் கொட்ட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆம்பளைகள் சிரித்துக்கொண்டிருக்க, பெண்கள் அத்தனை பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. அதிகாரி திரும்பி அவர்களைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டது.

எழுந்து நின்று கத்திய அந்தச் சின்னப் பெண் அதற்குள் மேடையில் ஏறிவிட்டாள். பாவாடையை விரித்து அரிசியை அள்ளிப் போட ஆரம்பித்தாள். "மாமா, கொட்டிப் போச்சு மாமா," என்றாள்.

எனக்குக் காதில் அடித்த மாதிரி இருந்தது. அண்ணன் மின்னல் மாதிரி எழுந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "யாருடி மாமா? எட்டப் போடி கழுதை! என் அரிசியத் தொட்டா கைய ஒடைப்பேன்!" என்று மந்திரியைவிடப் பயங்கரமாகக் கத்தினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு பொம்பளை விறுவிறுவென்று வந்தாள். குழந்தையின் கையை உதறி, பாவாடையிலிருந்த அரிசியைக் கீழே கொட்டி, முதுகில் ஒன்று வைத்தாள்.

"அந்தத் திருட்டுப் பயகிட்ட ஒனக்கு என்னடி? வாடி இங்க!"

சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் காறித் துப்பினாள். அவள்தான் கடைசி வீட்டுக்காரி. அவருடைய தங்கச்சி. துப்பிய எச்சில் அவர் மேல் விழவில்லை, பக்கத்தில் விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. பத்தடி தூரத்தில் நின்று நான் அதைப் பார்த்தேன். எத்தனையோ நாடகம் ஆடியிருக்கிறேன், அந்த மாதிரி நடிப்பை நான் பார்த்ததில்லை.

கேட்டுப் பையன் மேடைக்கு வந்தான். குனிந்து நாலு அரிசியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். "பெராஸ் பெத்துல்?" என்று கேட்டான். நிஜ அரிசியா? அவன் முகம் கோபமாக இல்லை. அடி வாங்கிய பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்டில் விட்டது அவன்தானே.

அண்ணன் மீசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டார். மலாயில், சாதாரணக் குரலில், "மன்னிச்சிருப்பா, ஒன்ன ஏமாத்திட்டேன்," என்றார். வேஷம் கட்டிக்கொண்டு அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

அதிகாரி மேலே வந்து கிராணியை விட்டுக் கேட்கச் சொன்னார். யாருக்குக் கொண்டுவந்தாய்?

"யாருக்கும் இல்ல. விக்கத்தான். பட்டணத்துல நல்ல வெல போகுதாம்."

"காட்டுக்காரனுக்கா?"

"காட்டுக்காரன் காசு குடுப்பானா? நான் என்ன பைத்தியமா?" என்றார் அண்ணன்.

கூட்டத்தில் அது காதில் விழுந்ததும் ஆம்பளைகள் பக்கம் ஒரே இரைச்சல். நம்ம பிள்ளைங்க கஞ்சி குடிக்குது, இவன் அரிசி விக்கிறானா, அடிங்கடா அவனை என்று ஒருவர் செருப்பைத் தூக்கி எறிந்தார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான். வில்லன், வில்லன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் நானே வில்லன் என்றதும் ஒரு ஆள்கூடச் சந்தேகப்படவில்லை.

கிராணி என் பக்கம் திரும்பினார். "நீதானே இவன்கூடவே இருப்ப? ஒனக்குத் தெரியுமா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அந்தச் சின்னப் பெண் தன் தாயின் இடுப்பில் இருந்து என்னையே பார்த்தாள்.

"தெரியாது," என்றேன். அரிசி கொட்டிய பிறகு மேடையில் எனக்கு வாய் திறந்த வார்த்தை அது ஒன்றுதான்.

தொப்பை இல்லாமல், கிழிந்த சட்டையோடு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். பிள்ளைகள் சில பேர் ஓடிப்போய் ஜீப் பக்கத்தில் நின்றார்கள். அடுத்த ஆட்டத்துல பாத்துக்கிறேன்டா என்று சொல்லுவார் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கேம்பில் வைத்திருந்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். நாலைந்து வருஷம் கழித்து ஜாசின் பசாரில் கீரை விற்றுக்கொண்டிருந்த அந்தத் தங்கச்சியைப் பார்த்தேன். அவளே என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீதானே அந்த ராஜா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அரிசி வந்த கதையெல்லாம் அன்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊர் போய்ச் சேர்ந்து ஒரு கடுதாசி போட்டார், அப்புறம் தகவலே இல்லை என்றாள். என்னைத் திட்டவில்லை. கீரையைக் கட்டி என் பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

அவசரகாலம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்கள் தோட்டத்துக்காரர்கள் இன்றைக்கும் கல்யாண வீட்டில் பார்த்தால், "அந்த அரிசித் திருடன் மந்திரி ஞாபகம் இருக்காலா?" என்று சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஆபத்து, அதனால் சொல்லவில்லை. ஆபத்து போன பிறகும் நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் காரணம் இல்லை. முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் திரும்பி வரும் லாரியில் எல்லாரும் அவரை ஏசிக்கொண்டே வந்தார்கள். நம்மளையும் சேர்த்து மாட்டிவிட்டிருப்பான்லா என்றார் மத்தளக்காரர். ராஜா வேஷத்துக்காகத் தங்கப் பெயிண்ட் அடித்த கேன்வாஸ் சப்பாத்து போட்டிருந்தேன். பாதத்துக்கு அடியில் என்னவோ குத்திக்கொண்டே வந்தது. கல் என்று நினைத்தேன். பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது. கேட்டில் அன்று எல்லாரையும் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதித்தார்கள், தலைமுடியைக் கலைத்துப் பார்த்தார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொல்லவில்லை. நான் அதன்மேல் மிதித்தபடியே கேட்டைத் தாண்டி நடந்தேன்.

ஊரடங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் தகரம் அடித்த குளியல் கொட்டகையில் யாரும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினேன். வியர்வையில் ஊறி ஒரு சிட்டிகை அரிசி பாதத்தில் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து உள்ளங்கையில் வைத்தேன். குழாய்த் தண்ணீரில்கூட அலசவில்லை. பச்சையாகவே வாயில் போட்டு, மாவாகிறவரைக்கும் மென்று விழுங்கினேன். பிறகு சப்பாத்தைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, முனை வரைக்கும் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன்.